ஐந்தில் ஒன்று

பாரிமுனையில் இறங்கி, கேட்டில் பையைத் திறந்து காட்டி,
சிறுவழக்கு நீதிமன்றத்தின் மாடிப்படியைப்
பதினேழாவது முறையாக ஏறிய அன்று
தீர்ப்பு.
டவாலி மூன்று முறை கூப்பிடுவார்,
புஷ்பலீலா, புஷ்பலீலா, புஷ்பலீலா.
வீட்டில் யாரும் என்னை
இவ்வளவு முழுதாகக் கூப்பிட்டதில்லை.

அசோக் பில்லர் பக்கம் ஒரு பார்லரில்
புருவம் எடுப்பவள் நான்.
நூலின் ஒரு முனை பல்லில்,
மீதி இரண்டு கைகளிலும்.
கட்டைவிரலும் ஆள்காட்டியும்
கத்தரி மாதிரி திறந்து மூட வேண்டும்.
வலது கையில் இப்போது திறக்கின்றன.
மூடுவதில்லை.

முப்பது சதவீதம் என்றது மருத்துவக் குழு.
நூலுக்கு சதவீதம் தெரியாது.
ஒரு புருவத்தை எடுத்துவிட்டு
இன்னொன்று அடுத்த மாதம் என்று
யாரிடம் சொல்ல?

இன்ஷூரன்ஸ் வக்கீல் கெட்டவர் இல்லை.
வராந்தாவில் பார்த்தால் "சாப்பிட்டீங்களாம்மா" என்பார்.
கூண்டில் ஏறினால், "சம்பளத்துக்கு வவுச்சர் உண்டா?"
ஃபர்சானா அக்கா லெட்டர்பேடில் எழுதித் தந்தது
பதினெட்டாயிரம்.
கல்யாண சீசனில் கையில் திணிக்கும் நூறும் இருநூறும்
எந்த லெட்டர்பேடிலும் ஏறாது.
கோர்ட் எடுத்துக்கொண்டது பன்னிரண்டாயிரம்.
அவருக்குப் புருவம் இரண்டும் நடுவில் சேர்ந்திருந்தது.
கேள்விக்குக் கேள்வி என் கண் அங்கேயே போனது.
இரண்டு நிமிட வேலை.

பிறகு வயது.
பள்ளியில் இடம் கிடைக்கட்டும் என்று
ஒரு வருடம் கூட்டிப் போட்டார் அப்பா.
அந்தக் கணக்கில் விபத்தன்று எனக்கு நாற்பத்தொன்று.
நாற்பது வரை என்றால் பதினைந்தால் பெருக்குவார்களாம்,
தாண்டினால் பதினான்கு.
"டேபிள் அப்படிம்மா" என்றார் என் வக்கீல்
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டி.
ஒன்றாம் வகுப்பில் ஒரு வருடம் முந்தி உட்கார்ந்ததற்கு
ஐம்பத்து நான்காயிரம்.
அப்பா, தெரிந்தா செய்தாய்.

"வலதுபக்கம் திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டீர்களா?"
போட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கக் கூடாது.
சிவப்பைத் தாண்டி வந்த காரை
சாக்பீஸ் கோடாக வரைந்து வைத்திருந்தது போலீஸ்,
என் ஸ்கூட்டியை ஒரு சின்னக் கட்டமாக.
இருபது சதவீதம் என் கவனக்குறைவு.
கையை விரித்துப் பார்த்துக்கொண்டேன்.
ஐந்தில் ஒன்று.
எந்த விரல் என்று சொல்லவில்லை.

தீர்ப்பில் இன்னும் சில வரிகள் இருந்தன.
வலியும் வேதனையும், ஐம்பதாயிரம்.
சத்தான உணவு, பத்து.
உடைச் சேதம், ஆயிரம்.
அதைப் படித்தபோதுதான் அழுகை வந்தது.
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் கையோடு சேர்த்து வெட்டிய
அந்த மயில்கழுத்து நிறச் சுடிதாரை
யாரோ ஒருவர் கணக்கில் எடுத்திருக்கிறார்.
உண்மையில் அது எழுநூற்றைம்பது.

மூன்று மாதம் என் தலையை வாரி, சட்டை மாட்டி,
சோறு பிசைந்து ஊட்டிய நாத்தனாருக்கு
பில் இல்லை.
அவள் கேட்கவுமில்லை.
ஒருநாள் மட்டும், பருப்பு சாதத்தை உருட்டியபடி,
"இதுக்கெல்லாம் உண்டா?" என்றாள்.
சிரித்தோம்.

காரோட்டிய பையன் ஒரு தடவைதான் வந்தான்.
கடைசி பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனுக்குப் புருவம் அழகு.

நான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது, வட்டியோடு.
பாதியை வைப்பில் போட உத்தரவு.
வடபழனி கிளையில் படிவத்தை
இடது கையால் நிரப்பிக் கையெழுத்தும் போட்டேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண்
கம்ப்யூட்டரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"ஒத்துப்போகலைக்கா.
பழைய மாதிரியே போடுங்க."
தீர்ப்பு நகலை அடியில் தள்ளினேன்,
எல்லாம் இதில் இருக்கிறது என்று.
அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பித்
தொகையை மட்டும் படித்தாள்.
எனக்குப் பின்னால் வரிசை
கொஞ்சம் நகர்ந்து நின்றது.